ரிங் டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பல குடும்பங்கள் தலையெடுத்தது ஒரு பழைய லாரியால்தான். நகையை அடகு வைத்து, தவணைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிய முதல் வண்டி. சேலம் சுண்ணாம்புக் கரட்டிலிருந்து மேக்னசைட்டும் சங்ககிரியிலிருந்து சிமென்ட்டும் ஏற்றி மாநிலம் மாநிலமாக ஓடிய வண்டி. அவற்றில் சில இன்னும் இருக்கின்றன. பட்டறையின் பின்பக்கத்திலோ கோழிப்பண்ணையின் வேலியோரத்திலோ சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கின்றன. அதை வெளியே இழுத்துச் சீர்செய்து, தாத்தா ஓட்டியபடியே மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பேரன்களில் சிலருக்கு ஆசை வருகிறது. நல்ல ஆசை. ஊரே ஊக்கம் கொடுக்க வேண்டிய ஆசை.

ஆனால் வேலையைத் தொடங்கும் வரிசை சரியில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின் மரவேலை, பெயின்ட், முகப்பில் குலதெய்வத்தின் பெயர் என்று எல்லாம் முடிந்து, பணமும் கரைந்த பிறகுதான் சக்கரத்துக்கு வருகிறார்கள். அப்போது கையில் கிடைத்ததைப் பூட்டிவிடுகிறார்கள். யாரோ கழற்றிப் போட்ட டயர், அளவு பொருந்தாத டிஸ்க், இல்லையென்றால் இன்றைய வண்டியிலிருந்து எடுத்த ட்யூப்லெஸ் செட். வண்டி பளபளவென்று நிற்கும். ஆனால் அந்த மாடலை அது ஓடிய காலத்தில் பார்த்தவர்களுக்குக் கண்ணில் ஏதோ உறுத்தும். உறுத்துவது சக்கரம்தான்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார் தொழிற்சாலையிலிருந்து முழு உடம்போடு வெளியே வருகிறது. லாரி அப்படி வரவில்லை. வெறும் சேசிஸ், இன்ஜின், முன்முகம், சக்கரம், இவ்வளவுதான் வந்தன. கதவும் கூரையும் இல்லாத அந்தச் சேசிஸில் தற்காலிக இருக்கை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றியபடி டிரைவர்கள் வரிசையாக நாமக்கல்லுக்கு ஓட்டி வருவதை நெடுஞ்சாலையில் பார்த்தவர்கள் பலர். கேபினும் பாடியும் இங்கே பட்டறையில் கட்டியவை. பழுதானால் மறுபடி கட்டியிருப்பார்கள், பத்து வருடத்துக்கு ஒரு முறை முகமே மாறியிருக்கும். ஆகவே ஒரு பழைய லாரியில் வெளியே தெரியும்படி தொழிற்சாலையின் கை பட்ட உறுப்பு என்று பார்த்தால் முன்முகத்துக்கு அடுத்தபடியாக நிற்பது சக்கரம். புதுப்பிக்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் அதைத்தான்.

சுதந்திரத்தையொட்டி நம் சாலைக்கு வந்த லாரிகளை நினைத்துப் பார்க்கலாம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு பிரிட்டனின் லெய்லண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு காமெட் லாரிகளை இறக்கியது, 1955-இல் அசோக் லெய்லண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா 1954-இல் டெய்ம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 15 ஆண்டு ஒப்பந்தம் 1969-இல் முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. பம்பாயிலிருந்து டாட்ஜும் ஃபார்கோவும், கல்கத்தாவிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டும் வந்தன. இன்ஜினும் முகமும் பிறந்த நாடும் வேறு வேறு. ஆனால் அந்தக் கால ஆறு சக்கர லாரி என்றாலே பெரும்பாலும் ஒரே வகைச் சக்கரம்தான்: 20 இஞ்ச் இரும்பு டிஸ்க், ட்யூப் போட்ட டயர், அது நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு ரிங்.

இந்த ரிங்கைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கார் டயரின் ஓரத்தை லீவர் கொடுத்து நெம்பி ரிம்முக்குள் தள்ளிவிடலாம். லாரி டயரின் ஓரத்துக்குள் கற்றை கற்றையாக எஃகுக் கம்பி ஓடுகிறது. அதை அப்படி நெம்பி வளைக்க முடியாது. அதனால் ரிம்மின் ஒரு பக்க விளிம்பை நிலையாக வைத்துவிட்டு, மறுபக்க விளிம்பைக் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். டயருக்குள் ட்யூபையும், ட்யூப் ரிம்மில் உரசாமல் இருக்க அடியில் ஃப்ளாப்பையும் வைத்து, தட்டையான ரிம்மின் மேல் அப்படியே தள்ளி ஏற்றுவார்கள். பிறகு ரிங்கின் ஒரு முனையைக் காடியில் செருகி, காலால் மிதித்துச் சுற்றிலும் இறக்குவார்கள். காற்று ஏற ஏற டயரே அந்த ரிங்கை அழுத்திப் பூட்டிக்கொள்ளும். இரண்டு லீவரும் ஒரு சம்மட்டியும் இருந்தால் டயர் கழன்றுவிடும். தொப்பூர் கணவாயில் நடுராத்திரியில் பஞ்சரானாலும் பெரிய மெஷின் எதையும் தேடாமல் டிரைவரும் கிளீனரும் சமாளித்தது இந்த ஏற்பாட்டால்தான். நாட்டின் சரக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ரிங்கை நம்பித்தான் ஓடியது.

இன்றைய ட்யூப்லெஸ் டயர் ஒற்றைத் துண்டு ரிம்மில் உட்காருகிறது. ரிம்மின் விட்டம் 22.5 இஞ்ச். 9.00-20 டயருக்கு வெளி உயரத்தில் இணையானது 10ஆர்22.5. 10.00-20 டயருக்கு இணை 11ஆர்22.5. உயரம் ஏறக்குறைய அதேதான், ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் நடுவில் இரும்பு இரண்டரை இஞ்ச் கூடிவிட்டதால் ரப்பரின் பக்கச்சுவர் அதற்கேற்பச் சிறுத்துவிடுகிறது. பழைய லாரியின் கம்பீரம் பாதி அந்தக் கறுத்த, உயரமான பக்கச்சுவரில்தான் இருக்கிறது. காமெட்டுக்கு 22.5 போட்டால் அது நேற்றுப் பதிவான வண்டி போல நிற்கும்.

சம்பாதிக்கும் வண்டிக்கு ட்யூப்லெஸ்தான் சரி, அதில் சந்தேகம் வேண்டாம். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும், ட்யூபும் ஃப்ளாப்பும் உரசிச் சூடாவது இல்லை, ரிங் தெறிக்கும் பயம் இல்லை. ராத்திரி பகலாக டெல்லிக்கும் குவாஹாட்டிக்கும் ஓடுகிற டிரைவருக்கு அது பெரிய நிம்மதி. இங்கே பேசுவது லோடு ஏற்றாத, ஆயுத பூஜைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஓட்டிப் பார்க்கிற, குடும்பத்தின் நினைவாக நிற்கிற லாரியைப் பற்றி. அதற்கு 20 இஞ்ச் ரிங் டிஸ்க்கும் நைலான் டயரும்தான் சரியான தேர்வு.

எந்த அளவு டயர் என்ற கேள்வி அடுத்து வரும். இதற்குப் பட்டறையில் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். பதில் உண்மையில் ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. சரக்கு வாகனங்களின் பதிவுச் சான்றில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் எத்தனை டயர், என்ன அளவு என்று எழுத ஒரு இடம் உண்டு. பழைய புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் மங்கிய மையில் 8.25-20 என்றோ 9.00-20 என்றோ தெரியும். முதல் எண் டயரின் அகலத்தை இஞ்ச் கணக்கில் சொல்கிறது, இரண்டாவது ரிம்மின் விட்டம். போருக்குப் பின் ராணுவ டிஸ்போசலில் விற்ற ஜிஎம்சி போன்ற வண்டிகள் 7.50-20 போட்டவை. அதற்குப் பிந்தைய லாரிகள் பெரும்பாலும் 8.25, 9.00 அளவில் ஓடின. 10.00-20 பரவலானது லோடு கூடிய பிறகு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 10.00-20 எங்கும் கிடைக்கிறது, பெரிதாக இருந்தால் பார்வையாகவும் இருக்கும் என்று அதையே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் ஏற்ற ரிம் அகலம் தனி. 8.25-க்கு 6.5 இஞ்ச், 9.00-க்கு 7 இஞ்ச், 10.00-க்கு 7.5 இஞ்ச். ஒல்லியான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் இறுகி நடுப்பகுதி மட்டும் தேயும். பின்பக்க ஜோடி டயர்களுக்கு இடையே உள்ள சந்து குறைந்து இரண்டும் ஒன்றையொன்று உரசும். சந்தில் ஒரு கல் மாட்டினால் இரண்டு டயரும் போச்சு. 9.00-இன் உயரம் சுமார் 1,018 மில்லிமீட்டர், 10.00-இன் உயரம் 1,055. ஏறக்குறைய மூன்றரை சதவீதம்தான் வித்தியாசம், ஆனால் ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 52 கிலோமீட்டரை நெருங்கிவிடும். இழுவையும் அதே அளவு குறையும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய லாரியை அந்தப் பெரிய டயரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பிப் பார்த்தால் கை சொல்லிவிடும். ஆர்.சி. சொல்கிற அளவே போதும்.

நைலானா, ரேடியலா? ரேடியலை மிஷலின் நிறுவனம் 1946-லேயே காப்புரிமை செய்துவிட்டது. நம் லாரிகளுக்கு உள்நாட்டிலேயே தயாரான ரேடியல் வந்தது 1999-இல், ஜேகே டயர் மூலம். இடைப்பட்ட காலம் முழுக்க நம் சாலை நைலான் டயரின் சாலை. நைலானில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போகின்றன. பக்கச்சுவர் விறைத்து நேராக நிற்கும். ரேடியல் தரையைத் தொடும் இடத்தில் வயிறு பிதுங்கியது போலத் தெரியும். சித்திரை வெயிலில் சேலம் சமவெளியில் லோடோடு நாள் முழுக்க ஓடினால் நைலான் டயர் ரேடியலைவிட அதிகம் சூடாகும், அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் காலி வண்டி 40, 50 வேகத்தில் பக்கத்து ஊர் வரை போய் வரும்போது அந்தச் சூடு பிரச்சினையே இல்லை. பழைய ஸ்பிரிங் பட்டையும் ஸ்டீயரிங்கும் நைலான் டயரின் நடையை மனத்தில் வைத்து அமைத்தவை. 9.00-20, 10.00-20 நைலான் டயர்கள் இந்தியாவில் இன்னும் தயாராகின்றன. முன்னால் நெடுக்குக் கோடு போட்ட ரிப் டயர், பின்னால் கட்டைப் பட்டன் டயர். அந்தக் காலத்தில் இந்தச் சேர்க்கையைத்தான் அதிகம் பார்க்க முடிந்தது. வேறு வழியின்றி ரேடியல் போடுவதாக இருந்தால் ஆறையும் ரேடியலாகவே போட வேண்டும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் போடுவது உயிரோடு விளையாடுவது.

தோற்றத்தில் பழமை வேண்டும். ரப்பரில் பழமை கூடவே கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பழைய வண்டி ஆர்வலர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. கிடங்கில் கிடந்த டன்லப் டயர், அம்பத்தூர் ஆலையில் செய்தது, பட்டன் ஒரு துளி தேயவில்லை என்று பெருமையோடு காட்டுவார்கள். பட்டன் இருப்பது உண்மை. உள்ளே ரப்பரும் நூலும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்கும். வெயிலும் காற்றும் பட்டுப் பக்கச்சுவரில் நகக்கீறல் போல வெடிப்பு ஓடியிருக்கும். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழாவிலிருந்து திரும்பிய ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரின் வயது பத்தொன்பதரை ஆண்டு. மகனை இழந்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி முதல், லாரி, பேருந்துகளின் முன் ஆக்சிலில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று அந்த நாடு சட்டம் போட்டது.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச்சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கழற்றிவிடுவதே நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்க்க வேண்டும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. ஆனால் நின்றே கிடக்கும் வண்டிக்குத் தேய்மானத்தைவிட வயதுதான் எமன்.

ரீட்ரெடிங் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது அந்தத் தொழில் செழித்த மண். எம்ஆர்எஃப் நிறுவனமே டயர் செய்வதற்கு முன்னால், 1952-இல், டிரெட் ரப்பர் செய்து வளர்ந்ததுதான். நல்ல கேசிங்கில் நல்ல கடையில் போட்ட ரீட்ரெட், லாரித் தொழிலின் செலவைத் தாங்கிப் பிடித்த தூண். ஓடும் வண்டியில் புது டயரை முதலில் முன்னால் போட்டு, தேய்ந்ததும் பின்னால் தள்ளி, பிறகு ரீட்ரெட் செய்து மறுபடி பின்னாலேயே ஓட்டுவார்கள். அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. பழைய வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பட்டனைப் புதுப்பிப்பதில் லாபம் ஒன்றுமில்லை. பழைய கேசிங்கின் மேல் புது ரப்பரை ஒட்டினால் அதன் வயது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான். முன் ஆக்சிலில் ரீட்ரெட் டயர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

இனி ரிங்கின் ஆபத்துக்கு வருவோம். அதை மறைத்துவிட்டு ரிங் டிஸ்க்கைப் பரிந்துரைப்பது பாவம். லாரி டயரில் காற்று நூறு பி.எஸ்.ஐ. வரை ஏறும், கார் டயரைவிட மூன்று மடங்கு. துருப்பிடித்த காடியில் ரிங் சரியாக உட்காராமல் இருந்தால் அந்த அழுத்தம் ரிங்கைக் கத்தி போல வீசியெறியும். பஞ்சர் கடைகளில் இதனால் கையையும் முகத்தையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் இப்படிப் பலர் இறந்த பிறகு 1980-இல் பல துண்டு ரிம்களுக்கென்றே தொழிலாளர் பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குழாயை நீளமாகப் பிடித்து எட்டி நிற்க வேண்டும். காற்று உள்ளே இருக்கும்போது ரிங்கைச் சம்மட்டியால் தட்டவே கூடாது. ஒரு கம்பெனியின் ரிங்கை இன்னொரு கம்பெனியின் ரிம்மில் மாட்டக் கூடாது. காற்று இறங்கிய நிலையில் ஓடிவந்த சக்கரத்தை, வால்வு ஊசியைக் கழற்றி முழுக்கக் காற்றை இறக்காமல் வண்டியிலிருந்து பிரிக்கக் கூடாது. இந்த நான்கைந்து கட்டுப்பாடுகளை எழுதிச் சுவரில் மாட்டாத கடையில் பழைய டிஸ்க்கை இறக்காமல் இருப்பது நல்லது. கூண்டு செய்வது நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் இருக்கச் சாக்கு எதுவும் கிடையாது.

டிஸ்க் எங்கே கிடைக்கும்? புதிதாகவும் கிடைக்கலாம். டன்லப்பின் கூட்டுறவோடு டிவிஎஸ் குழுமம் 1960-இல் தொடங்கிய, சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் இரும்புச் சக்கரங்களை இன்றும் செய்கின்றன. ஆனால் அந்தந்தக் காலத்து வடிவம் வேண்டுமானால் பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும். டிராக்டர் டிரெய்லர்களுக்கு அடியிலும் சில சமயம் பழைய லாரி டிஸ்க் ஒளிந்திருக்கும். கிடைத்ததும் பெயின்ட் அடிக்க ஓடக் கூடாது. முதலில் மணல் பீய்ச்சித் துருவை எடுக்க வேண்டும். பிறகு போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும், கை நுழையும் பெரிய ஓட்டைகளின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மெனக்கெட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் அந்த டிஸ்க் நட்டு லூசாகி ஓடியது, வேண்டாம். காடியில் குழி விழுந்திருந்தாலும் வேண்டாம். விரிசலை வெல்டிங் வைத்து மூடிக் கொடுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

பெயின்டிலும் கவனம் வேண்டும். டிஸ்க் ஹப்போடு சேரும் முகத்திலும், நட்டு உட்காரும் குழியிலும் தடிமனாகப் பெயின்ட் ஏறினால், ஓடும்போது அந்தப் பெயின்ட் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். அழகுக்காக அடித்த மூன்றாவது கோட் சக்கரத்தையே கழற்றிவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் இடது பக்க போல்ட்டுகள் எதிர்மரை கொண்டவை. தெரியாத பையன் கையில் வீல் பானாவைக் கொடுத்தால் கழற்றுவதாக நினைத்து முறுக்கி போல்ட்டையே ஒடித்துவிடுவான். மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். காற்று அளவைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற டயரில் அளவு ஏறித்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் ராத்திரி குறைந்து நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்து, டயர் மேல் சுமை இல்லாமல் வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஒருவர் ஒரு காமெட்டை எழுப்பி நிறுத்தினால் அரசு அதை என்னவென்று ஏற்றுக்கொள்கிறது? இங்கேதான் மனம் வலிக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்த, உருமாறாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுப் பதிவு, விஏ என்ற எழுத்துகளோடு தனி எண். நல்ல விதி. ஆனால் அது பேசுவது இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பற்றி. பின்னால் ஜோடி டயரோடு ஆறு சக்கரத்தில் நிற்கும் லாரிக்கு அதில் இடம் காணோம். மைசூர் மகாராஜாவின் கார் பழம்பெருமை என்றால், சங்ககிரி விவசாயியின் காமெட்டும் பழம்பெருமைதான். கார் சிலரைச் சுமந்தது, லாரி நாட்டைச் சுமந்தது.

மறுபக்கம் காலாவதிக் கொள்கை நெருக்குகிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் தானாகவே முடிந்துவிடுகிறது. தனியார் சரக்கு வண்டிகளுக்கும் வயது ஏற ஏறத் தகுதிச் சான்றுக் கட்டணம் ஏறுகிறது. புகையையும் விபத்தையும் குறைக்கும் நோக்கம் சரியானது, அதை எதிர்க்கத் தேவையில்லை. லோடு ஏற்ற மாட்டோம் என்று எழுதிக்கொடுக்கும் ஒரு சில பழைய லாரிகளைத் தனியே பிரித்து வைத்தால் அந்த நோக்கம் கெட்டுவிடாது. ஜெர்மனி 1997-லிருந்து, 30 ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள வண்டிகளுக்குத் தனி எண் பலகை தருகிறது, லாரிக்கும் உண்டு. காமெட் பிறந்த இங்கிலாந்தின் லெய்லண்ட் ஊரில் 1983-லிருந்து சரக்கு வாகன அருங்காட்சியகம் நடக்கிறது. அமெரிக்காவின் கோக்கர் டயர் நிறுவனம் பழைய அளவு டயர்களையும் அந்தக் காலத்துப் பட்டன் வடிவத்திலேயே வார்த்து விற்றுத் தொழில் செய்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் அறக்கட்டளை 2015-இல் பழைய கார்களுக்கு அருமையான அருங்காட்சியகம் திறந்தது. லாரிக்கு அப்படி ஓர் இடம் அமைய நாமக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் எது?

விதியை லாரிக்கு விரிக்கும்போது, அசல் என்பதன் வரையறையையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். காரில் பாடி மாறினால் அசல் கெட்டது என்று அர்த்தம். லாரியில் பாடி எப்போதும் பட்டறையில் கட்டியதுதான். எனவே சேசிஸ், இன்ஜின், ஆக்சில், சக்கர அளவு ஆகிய நான்கையும் வைத்து லாரியின் அசலைத் தீர்மானிப்பதே நியாயம். தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் 9.00-20 என்று இருக்கும் வண்டியை 9.00-20 டயரிலேயே நிறுத்துகிறவர் சட்டத்தின் பக்கம் நிற்கிறார். அந்த ஒழுங்குக்குப் பலனாக ஒரு பதிவு எண்ணாவது கிடைக்க வேண்டாமா?

விதி மாறும் வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ட்யூப்லெஸ்ஸுக்கு மாறும் ஒவ்வொரு வண்டியும் ஒரு செட் 20 இஞ்ச் டிஸ்க்கைக் கழற்றிப் போடுகிறது. அவை கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போய், உருக்காலையில் கம்பியாகின்றன. ரிங்கையும் ரிம்மையும் தனித்தனியாக வீசுவதால் ஜோடி பிரிந்து, மிஞ்சியதும் பயனற்றதாகிவிடுகிறது. லாரி உரிமையாளர் சங்கங்கள் நினைத்தால் இதை இந்த வாரமே நிறுத்தலாம். கழற்றும்போதே ரிங்கை அதன் ரிம்மோடு கம்பியால் கட்டி, அளவையும் கம்பெனி பெயரையும் சாக்பீஸால் எழுதி, விரிசல் இல்லாததை மட்டும் எண்ணெய் தடவி ஒரு கொட்டகையில் அடுக்கினால் போதும். எந்த மாடலுக்கு எத்தனை இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகம். விரிசல் பார்க்கும் வேலைக்குப் பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்களைக் கூப்பிட்டால் அவர்களுக்கும் பயிற்சியாகும். கொட்டகை வாடகையைப் பழைய வண்டி புதுப்பிப்பவர்கள் தரும் விலையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முதலில் 8.25-20 டிஸ்க்குகளைத் தேடிப் பிரித்து வைக்க வேண்டும். 10.00-20 இன்னும் சில வருடங்களுக்குக் கிடைக்கும், 8.25 இப்போதே அரிதாகிவிட்டது.